மனநல மருந்து நீண்ட நாள் சாப்பிடுபவரை வீட்டில் கவனிப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"மாத்திரை போட்டாயா?" என்ற கேள்வியோடு பல வீடுகளில் கவனிப்பு முடிந்துவிடுகிறது. மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா), உற்சாகமும் சோர்வும் எல்லை மீறி மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறோ (பைபோலார்) வந்த ஒருவர் மருத்துவமனையிலிருந்து திரும்பி, தூக்கம் சீராகி, பேச்சும் தெளிந்துவிட்டால் குடும்பம் நிம்மதி அடைகிறது. அதன்பின் மாதம் ஒருமுறை அம்மாவோ அண்ணனோ சீட்டை எடுத்துக்கொண்டு போய் மாத்திரை வாங்கி வருகிறார்கள். மருந்து சாப்பிடுபவர் வீட்டிலேயே இருக்கிறார். வருடக் கணக்கில் எந்த மருத்துவரும் அவரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அதற்குள் எடை ஏறியிருக்கும், சர்க்கரை தொடங்கியிருக்கும், தைராய்டு குறைந்திருக்கும். எதையும் யாரும் எழுதி வைக்காததால் எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் போய்விடும்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த மரணங்களில் பெரும்பாலானவை மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் போன்ற உடல் நோய்களால் நேர்பவை. இதைக் கேட்டு மருந்தின் மீது பயப்பட வேண்டாம். மனச்சிதைவு உள்ளவர்களில் மருந்தே எடுக்காதவர்கள்தான் இன்னும் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பதைப் பின்லாந்தில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்து தொடர வேண்டும். மருந்து சாப்பிடும் உடம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவரின் பொறுப்பு. அவர் சரியாக முடிவெடுக்கத் தேவையான தகவலைச் சேர்ப்பது வீட்டில் இருக்கும் நம்முடைய பொறுப்பு.

முதலில் அவரோடு பேசுங்கள்

நோட்டுப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. "உன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவரே எடை பார்த்து அவரே எழுதினால் மிக நல்லது. அவருக்குத் தெரியாமல் நீங்கள் குறிப்பெடுத்தால் அது வேவு பார்ப்பதாகத்தான் அவருக்குத் தெரியும். சந்தேகத்தை அறிகுறியாகக் கொண்ட நோயில் அதன் விளைவு கடுமையாக இருக்கும்.

மருந்தால் தனக்கு என்ன தொந்தரவு என்று அவர் சொல்லும்போது மறுத்துப் பேசாதீர்கள். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்" என்ற பதிலை இரண்டு தடவை கேட்டவர் மூன்றாவது தடவை சொல்ல மாட்டார்; பேசாமல் மாத்திரையைத் துப்பிவிடுவார். ஆண்களுக்கு வரும் பாலுறவுச் சிக்கல்கள், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது ஆகியவை பலர் மருந்தை இரகசியமாக நிறுத்தக் காரணமாகின்றன. இவற்றை அண்ணன் தம்பியோ அக்கா தங்கையோ தனியாக, சாதாரணமாகக் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள். பெரும்பாலும் மருத்துவரால் இதற்கு வழி செய்ய முடியும்.

தொடக்க அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு நீளமான நோட்டு போதும். முதல் பக்கத்தில் மருந்துகளின் மூலப்பெயரை எழுதுங்கள்: ஒலன்சபின், ரிஸ்பெரிடோன், லித்தியம் என்று. கம்பெனிப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கடை மாறினால் பெயர் மாறும். அரசு மருத்துவமனையில் வாங்கும்போது ஒரு மாதம் வெள்ளையாக இருந்த மாத்திரை அடுத்த மாதம் மஞ்சளாக வரலாம். நிறம் மாறினால் அட்டையில் உள்ள மூலப்பெயரையும் மில்லிகிராமையும் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மருந்தை இரண்டு பெயரில் வாங்கி இரட்டை அளவு சாப்பிட்டவர்கள் உண்டு.

அடுத்து எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி), கொழுப்பு அளவு ஆகியவற்றை எழுதுங்கள். லித்தியம் என்றால் கிரியாட்டினினும் (சிறுநீரகப் பரிசோதனை) தைராய்டும் கால்சியமும் சேரும். குளோசபின் என்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை. இதய நோயோ குடும்பத்தில் திடீர் மரணமோ இருந்தால் இ.சி.ஜி. எடுக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இவை எல்லாம் மருந்து தொடங்கும் முன்போ தொடங்கிய ஓரிரு வாரத்திலோ எடுக்கப்பட வேண்டியவை. ஏற்கெனவே ஐந்து வருடமாக மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் இந்த வாரம் எடுப்பதையே தொடக்க அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் தெரியாவிட்டால் அதன்பின் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் கிடைக்காது.

இன்னும் ஒன்று: அவர் சம்மதித்தால், நடப்பதையும் கைகளை நீட்டி நிற்பதையும் ஒரு நிமிடம் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து "இந்த நடுக்கம் முன்பே இருந்ததா?" என்று மருத்துவர் கேட்கும்போது ஞாபகத்தைவிட அது நம்பகமானது.

எடையும் சர்க்கரையும்

ஒலன்சபினும் குளோசபினும் எடையை அதிகம் ஏற்றும். ரிஸ்பெரிடோன், குவெட்டியபின், மனநிலையைச் சீராக்கும் வால்ப்ரோயேட் ஆகியவை அவற்றுக்கு அடுத்த வரிசை. பசி அடங்காமல் போவதுதான் முக்கியக் காரணம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கும். இதைப் பெருந்தீனி என்று கேலி செய்யும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மருந்து மூளையில் உண்டாக்கும் பசி அது. அவர்மீது குறை இல்லை.

முதல் ஆறு வாரம் வாரம் ஒருமுறை எடை பாருங்கள்: ஒரே தராசு, காலையில், சிறுநீர் கழித்தபின், மெல்லிய உடையில். பிறகு மாதம் ஒருமுறை. முதல் சில வாரங்களில் வேகமாக ஏறும் எடைதான் பின்னால் வரப்போவதைக் காட்டும். தொடக்க எடையில் நூற்றுக்கு ஐந்து கூடினாலே, அதாவது 60 கிலோ இருந்தவர் 63 ஆனாலே, மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். 75 கிலோ ஆகும்வரை காத்திருந்தால் இறக்குவது மிகக் கடினம். வேறு மருந்துக்கு மாற்றுவது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பது என்று அவர் கையில் வழிகள் உண்டு.

இடுப்புச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. சர்க்கரையும் கொழுப்பும் மூன்றாவது மாதத்தில் ஒருமுறை, பிறகு குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை. அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் அடிக்கடி. எடை கூடாதவர்களுக்கும் சர்க்கரை வரலாம் என்பதால் ஒல்லியாக இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். திடீரென்று அதிக தாகம், இரவில் பலமுறை சிறுநீர், எடை குறைவு தெரிந்தால் அன்றே சர்க்கரை பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் தாத்தா பாட்டியை மட்டும் கூடத்தில் உட்காரவைத்து, மனநோய் உள்ளவரை உள்ளறையில் இருக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அவருக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

உடல் அசைவுகளைப் பார்ப்பது

ஹாலோபெரிடால், ஃப்ளூபெனசின், அதிக அளவு ரிஸ்பெரிடோன் எடுப்பவர்களிடம் இதை விடாமல் பார்க்க வேண்டும். மருந்தால் வரும் அசைவுக் கோளாறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் வரும்.

தொடங்கிய முதல் சில நாட்களில், குறிப்பாக இளைஞர்களுக்கு, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். நாக்கு வெளியே தள்ளும். கண்கள் மேலே செருகி நின்றுவிடும். பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்ததுபோல் தோன்றுவதால் சிலர் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு ஊசி போட்டால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். அதுவரை அவருக்கு வலியும் பயங்கரமும் மிக அதிகம் என்பதால் தாமதிக்கக் கூடாது.

அடுத்த சில வாரங்களில் வருவது அமைதியின்மை. ஓரிடத்தில் உட்கார முடியாது. கால்களை மாற்றி மாற்றி வைப்பார். இரவெல்லாம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். உள்ளே ஏதோ பிடுங்குவதாகச் சொல்வார். இதை நோய் முற்றிவிட்டது என்று புரிந்துகொண்டு "டோஸ் கூட்டுங்கள்" என்று குடும்பமே கேட்டு, கூட்டியபின் இன்னும் மோசமாவது அடிக்கடி நடக்கும் விபரீதம். மருத்துவரிடம் போகும்போது "கோபமாக இருக்கிறார்" என்று சுருக்கமாகச் சொல்லாமல், "உட்கார முடியவில்லை, மருந்து கூட்டிய எத்தனையாவது நாளில் தொடங்கியது" என்று சொல்லுங்கள். இந்தத் தவிப்பு தாங்க முடியாமல் தற்கொலை எண்ணம் வரலாம் என்பதால் அவசரமாகப் பார்க்க வேண்டியது இது.

மாதங்கள், வருடங்கள் கழித்து வருவது வாய், நாக்கு, விரல்களின் தானாக நடக்கும் அசைவு. வாயில் ஒன்றும் இல்லாமலே வெற்றிலை மெல்வதுபோல் தாடை அசையும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குறைக்க வாய்ப்பு உண்டு. முற்றிப்போனால் மருந்தை நிறுத்தியபின்னும் நிலைத்துவிடலாம். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆபத்து அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே இப்படிப் பார்க்கலாம்:

1. கைப்பிடி இல்லாத நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். வாயில் பாக்கோ மிட்டாயோ இருக்கக் கூடாது. பல்செட் பொருந்தாமல் ஆடினாலும் வாய் அசையும்; அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
2. கைகளை முழங்கால்மீது வைத்து, பிறகு முழங்கால்களுக்கு நடுவே தொங்கவிட்டு, சும்மா இருக்கும்போது முகத்தையும் விரல்களையும் பாருங்கள்.
3. வாயைத் திறந்து வைக்கச் சொல்லி நாக்கைப் பாருங்கள். பிறகு நாக்கை நீட்டச் சொல்லுங்கள். இரண்டையும் இரண்டு தடவை.
4. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தொடச் சொல்லுங்கள். இப்போது விரல்களைப் பார்க்காதீர்கள். முகத்தையும் கால்களையும் பாருங்கள். கவனம் கைக்குப் போனதும் மறைந்திருந்த அசைவு அங்கே வெளிப்படும்.
5. எழுந்து கைகளை முன்னால் நீட்டி நிற்கச் சொல்லுங்கள். சில அடி நடந்து திரும்பி வரச் சொல்லுங்கள். நடக்கும்போது கை வீசுகிறதா, உடம்பு விறைத்துச் சிறு சிறு அடியாக வைக்கிறாரா என்று பாருங்கள்.

புதிதாக எதைப் பார்த்தாலும் தேதியோடு எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். ஊசி போட்ட தேதியையும் அடுத்த தேதியையும் நாட்காட்டியிலேயே குறித்துவிடுங்கள்.

லித்தியம்: ரத்த அளவு தெரியாமல் கொடுக்கக் கூடாத மருந்து

1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மிகைமனநிலைக்கு (எல்லை மீறிய உற்சாகமும் பரபரப்பும்) இதன் பலனை வெளியிட்டார். இருமுனைக் கோளாறில் இன்றும் இதற்கு இணை சொல்ல மருந்து குறைவு. தற்கொலை ஆபத்தையும் குறைக்கும். அதே சமயம், குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. பராமரிப்புக் காலத்தில் பொதுவாக ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், சிலருக்கு 1.0 வரை தேவைப்படும். 1.2ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், 1.5க்கு மேல் நச்சுத்தன்மை வெளிப்படும். 2ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வயதானவர்களுக்கு இதைவிடக் குறைந்த அளவிலும் நச்சு தெரியலாம்.

தொடங்கியபோதும் அளவை மாற்றியபோதும் சுமார் ஒரு வாரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். நிலைபெற்றபின் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டால் காலை ஒன்பது மணிக்கு ரத்தம். காலை மாத்திரை உண்டு என்றால் அதைப் பையில் எடுத்துச் சென்று ரத்தம் கொடுத்தபின் போட வேண்டும். முன்பே போட்டுவிட்டால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், மருத்துவர் தேவையில்லாமல் மருந்தைக் குறைப்பார், நோய் திரும்பும். ரத்தம் எடுக்கும் குழாய்களில் ஒரு வகையின் உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் லித்தியம் ஹெபாரின் பூசியிருக்கும்; அதில் எடுத்தாலும் அளவு ஏறித்தான் காட்டும். சிறிய ஆய்வகத்தில் "லித்தியம் அளவுக்கு எடுக்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம். தைராய்டு குறைந்தால் சோர்வு, எடை, தூக்கம், எதிலும் விருப்பமின்மை எல்லாம் வரும்; மனச்சோர்வு திரும்பிவிட்டது என்று தோன்றும். ரத்தப் பரிசோதனை பார்க்காமல் அதை மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது.

உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கத்திரி வெயிலில் வேலை செய்பவர், வயிற்றுப்போக்கு வந்தவர், கடும் விரதம் இருப்பவர், உப்பில்லாப் பத்தியம் தொடங்கியவர் எல்லாரும் ஆபத்தில் இருக்கிறார்கள். உப்பைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒரே அளவாக இருக்கட்டும். நோன்போ விரதமோ இருக்க விரும்பினால் தொடங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். வாந்தியும் பேதியுமாக இருக்கும் நாளில் அடுத்த மாத்திரை போடும் முன்பே அவருக்குத் தொலைபேசியில் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

வலி மாத்திரைகள் இன்னொரு கண்ணி. முட்டிவலிக்கும் பல்வலிக்கும் கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் போன்றவை லித்தியம் அளவை உயர்த்தும். இவை பாராசிட்டமாலோடு சேர்ந்தும் ஒரே மாத்திரையாக வருகின்றன என்பதால் அட்டையைப் படியுங்கள். தனிப் பாராசிட்டமால் போடலாம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவையும் அளவை ஏற்றுபவை. இரத்த அழுத்தம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், மாத்திரை எழுதும் மருத்துவரிடம் "இவர் லித்தியம் சாப்பிடுகிறார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கை விரல்களில் மெல்லிய நடுக்கம் லித்தியத்தில் சாதாரணம். அது தம்ளரைப் பிடிக்க முடியாத முரட்டு நடுக்கமாக மாறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி பேதியோடு மயக்கமாக இருந்தாலோ, மருந்தை நிறுத்தி நேரே மருத்துவமனைக்குப் போங்கள். "குடித்திருக்கிறாரா?" என்று அங்கே கேட்பார்கள், லித்தியம் என்று நீங்கள் சொன்னால்தான் அந்தப் பரிசோதனை நடக்கும்.

குளோசபின்: காய்ச்சல், மலச்சிக்கல், புகை

மற்ற மருந்துகள் கைவிட்டபோது கொடுக்கப்படும் மருந்து இது. 1975இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு வெள்ளை அணுக்கள் அழிந்து மரணங்கள் நேர்ந்ததால் பல நாடுகள் இதைக் கைவிட்டன. வேறு மருந்துக்கு அசையாத மனச்சிதைவிலும் இது பலனளிப்பதை 1988இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியபின், ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. வெள்ளை அணுக்கள் அழியும் அந்த ஆபத்து நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். வந்தால் பெரும்பாலும் முதல் 18 வாரத்துக்குள் வரும். அதனால்தான் முதல் 18 வாரம் வாரந்தோறும், பிறகு ஓராண்டு முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை என்ற முறையை நம் ஊரில் பல மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். சில நாடுகள் அண்மையில் இதைத் தளர்த்தியிருக்கின்றன. உங்கள் மருத்துவர் சொல்லும் கால அட்டவணையைக் கடைப்பிடியுங்கள்.

சில ஆய்வகச் சீட்டுகளில் மொத்த வெள்ளை அணுவும், அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் சதவீதமும் மட்டும் இருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுங்கள். மொத்தம் 5,600, நியூட்ரோஃபில் 55 சதவீதம் என்றால் 3,080. இந்த எண்ணைத் தேதியோடு எழுதுங்கள். 2,000க்குக் கீழே வந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 1,500க்குக் கீழே என்றால் அடுத்த மாத்திரைக்கு முன்பே பேசியாக வேண்டும். வாரங்களாகச் சீராக இறங்கிக்கொண்டே வந்தாலும் சொல்லுங்கள். எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு: காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே ரத்தம் எடுக்க வேண்டும். முதல் இரண்டு மாதங்களில் காய்ச்சலோடு நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு இருந்தால் இதயத் தசை வீங்கியிருக்கலாம், உடனே மருத்துவமனை.

ரத்த அணுக்களைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள். மலச்சிக்கலைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. குளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்கும். குடல் அடைத்து மரணம் வரை போகலாம். "இன்று வெளிக்குப் போனாயா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். தண்ணீர், கீரை, இசப்கோல், மருத்துவர் எழுதிய மலமிளக்கி எல்லாம் முதல் நாளிலிருந்தே வேண்டும். மூன்று நாள் போகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிறு உப்பி வலித்து வாந்தி வந்தால் இரவானாலும் கிளம்புங்கள். நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் கூடவே இருந்தால் இது இன்னும் மோசமாகும்.

புகைப்பவர்களின் விஷயம் தனி. பீடி, சிகரெட் புகை கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டி குளோசபினை வேகமாகக் கழிக்கும். புகையை நிறுத்தினால், அதே மாத்திரையில் ரத்த அளவு ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடலாம். மருத்துவமனையில் சேர்த்தபோது, சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் புகையை விட்டபோது, திடீரென்று மயக்கமும் குழறலும் வலிப்பும் வரக் காரணம் இதுவாக இருக்கலாம். புகையை விடுவது மிக நல்லது. விடப்போகும் தேதியை முன்னதாக மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் அளவைக் குறைப்பார். மாலையைக் கழற்றியபின் மறுபடி புகைக்கத் தொடங்கினாலும் சொல்ல வேண்டும். ஒலன்சபினுக்கும் இது ஓரளவு பொருந்தும்.

தொடர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் குளோசபின் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நிற்கலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஊருக்குப் போகும்போது மூன்று நாள் மாத்திரை கூடுதலாகக் கைப்பையில் இருக்கட்டும்; பெட்டியில் வைக்காதீர்கள்.

பெண்களும் வால்ப்ரோயேட்டும்

கர்ப்பகாலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கலும் வரலாம். ஃபோலிக் அமில மாத்திரை இந்த ஆபத்தை நீக்கிவிடாது. பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் நோயை மறைப்பதும், திருமணத்துக்கு முந்தைய வாரம் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவதும், அல்லது கர்ப்பமானது தெரியாமல் மாதக்கணக்கில் தொடர்வதும் நம் குடும்பங்களில் நடக்கின்றன. மூன்றுமே அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி. திருமணப் பேச்சு எழுவதற்கு வெகு முன்பே மருத்துவரிடம் போய், வேறு மருந்துக்கு மெதுவாக மாற வழி கேளுங்கள். அந்தப் பெண்ணும் உடன் வந்து அவரே கேட்க வேண்டும். ஏற்கெனவே கர்ப்பம் என்றால் தானாக நிறுத்தாமல் அந்த வாரமே போங்கள்.

ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு எடுக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நின்று, மார்பில் பால் சுரக்கலாம். இதைச் சாபம் என்றோ கர்ப்பம் என்றோ பயந்து நொந்துபோனவர்கள் இருக்கிறார்கள். புரோலாக்டின் என்ற ஹார்மோனைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்ப்ரோயேட்டுக்குக் கல்லீரலும் ரத்தத் தட்டணுக்களும் (பிளேட்லெட்) பார்க்க வேண்டும். கார்பமசெபின், லாமோட்ரிஜின் தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். மனச்சோர்வு மருந்து தொடங்கிய வயதானவர் குழம்பினாலோ விழுந்தாலோ ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். இளைஞர்களிடம் முதல் சில வாரங்கள் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

உணவில் கலந்து கொடுக்காதீர்கள்

மருந்து மறுப்பவருக்குச் சாம்பாரிலும் பாலிலும் தூளாக்கிக் கலந்து கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. செய்பவர்களின் தவிப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. நெஞ்சுவலி, மயக்கம் என்று அவர் தனியாக மருத்துவமனைக்குப் போனால் தான் எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை என்று உண்மையாக நம்பிச் சொல்வார். லித்தியம், குளோசபின் என்றால் ரத்தமே பரிசோதிக்க முடியாது. ஒருநாள் கண்டுபிடித்தபின் உங்கள் கையால் சோறே சாப்பிட மாட்டார். மறுப்பவர்களுக்கு மாத ஊசி உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை தரவும் முறைப்படி வழி உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி உதவி கேளுங்கள்.

ஒரு வேளை மாத்திரை மறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தபோது போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. குணமாகிவிட்டது என்று தோன்றினாலும் எந்த மனநல மருந்தையும் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கும் நாளில்

வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் நிரம்பி வழியும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வரி எழுதிச் செல்லுங்கள்: சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் எடை, கடைசி ரத்தப் பரிசோதனை எப்போது, புதிதாக வந்த தொந்தரவு, வேறு மருத்துவர் எழுதிய மாத்திரை. நாட்டு மருந்து, சத்து மாத்திரை, மது எதையும் மறைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மருந்து சாப்பிடுபவரை நேரில் அழைத்துப் போங்கள். "எந்தப் பரிசோதனை, எப்போது?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தன் சிகிச்சைக் குறிப்புகளைப் பெறும் உரிமை 2017 சட்டப்படி அவருக்கு உண்டு. ஊர் மாறும்போதும் மருத்துவர் மாறும்போதும் அது கட்டாயம் தேவைப்படும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கடும் காய்ச்சலோடு உடம்பு பலகையாய் விறைத்து, வியர்த்து, குழப்பமாகப் பேசினால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. மனச்சிதைவு மருந்துகளால் அரிதாக வரும் உயிராபத்து. மனநல மருத்துவர் வரும் நாளுக்காகக் காத்திருக்காமல் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போங்கள். வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், நெஞ்சுவலி, மேலே சொன்ன லித்தியம் அறிகுறிகள், குளோசபின் எடுப்பவரின் வயிற்று வலி, அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கியது எல்லாம் 108ஐ அழைக்க வேண்டியவை. தற்கொலை எண்ணம் சொன்னால் அவரைத் தனியே விடாமல், வீட்டில் உள்ள மாத்திரைகளை அப்புறப்படுத்திவிட்டு, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம். தமிழிலும் பதில் கிடைக்கும்.

கிளம்பும்போது காலி அட்டைகள் உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை போட்டார் என்பதை அவசரப் பிரிவில் முதலில் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.